பழைய லேப்டாப்புக்கு எது நல்லது?

"விண்டோஸை எடுத்தாச்சு. இப்ப இருக்கிற லினக்ஸ் எனக்குப் பிடிபடல," என்றார் அனெக்கெ, லேப்டாப்பை மேஜைமேல் வைத்து.

நெதர்லாந்தின் ஸ்நேக் நகர நூலகக் கூடத்தில், பழுதான பொருள்களைத் தன்னார்வலர்கள் இலவசமாகச் சரிசெய்து தரும் சனிக்கிழமை ரிப்பேர் கஃபே. பழைய கம்ப்யூட்டர்களைச் சரிசெய்யும் மேஜை யெல்லெயுடையது. அவர் மூடியைத் திறந்தார். கறுப்புத் திரை. மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் துடித்தது.

பக்கத்து மேஜையில் விளக்குக்கு ஒயர் மாற்றிக்கொண்டிருந்த மாரித் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அங்கே அன்றுதான் முதல் நாள்.

"அய்யய்யோ! எல்லாத்தையும் டைப் அடிச்சாத்தான் திறக்குமா? யாருக்கா இதைப் போட்டது?"

"என் வீட்டுக்காரர். இதுதான் அசல் லினக்ஸாம். மவுஸைத் தொடுறவங்க எல்லாம் சோம்பேறியாம்."

"பெரிய மேதாவிதான்!"

யெல்லெ தலை நிமிரவில்லை. "நாலு ஜிபி மெமரி. பழசு. ஆனா ஓடும்."

"எனக்கு எது சரிவரும்?"

எதையும் சொல்வதற்கு முன் வந்தவரைக் கேட்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். யெல்லெ தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இதுல என்ன செய்வீங்க?"

அனெக்கெ அவரைச் சற்று நேரம் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமையானா தங்கச்சியும் நானும் வீடியோவுல உக்காந்து ஸ்வெட்டர் பின்னுவோம். அவ கனடாவுல தனியா இருக்கா. போன்ல பின்னல் சரியாத் தெரியல. ரெண்டு மாசமா நின்னு போச்சு. நாளைக்கும் வரலைன்னா, இனிமே கூப்பிடவே மாட்டேங்கிறா."

"வேற?"

"வேற ஒண்ணும் வேணாம்."

யெல்லெ பென் டிரைவைச் செருகினார். "லினக்ஸ்லயே லுபுன்டுன்னு ஒண்ணு ரொம்ப லேசு. ஆனா மின்ட்னு இன்னொண்ணுல ஒரு சின்ன வகை இருக்கு. உங்களுக்குப் பழகின விண்டோஸ் மாதிரியே இருக்கும். போடுறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாருங்க. நான் தொட மாட்டேன், நீங்களே அழுத்துங்க."

அனெக்கெ அழுத்தினார். கேமரா திறந்தது. பையிலிருந்து பாதி பின்னிய ஸ்வெட்டரை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு இழையும் திரையில் தெரிந்தது.

"இதையே போட்டுடுங்க."

ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது.

"இதை வீட்டுலயே கேட்டிருக்கலாமேக்கா?" என்றாள் மாரித்.

"கேட்டா பாடம் நடத்துவார். இங்க வந்தாத்தான் என்ன வேணும்னு கேக்குறாங்க."

"அந்த மனுஷனை ஒருநாள் கூட்டிட்டு வாங்க. யெல்லெ பக்கத்துல உக்காந்து கத்துக்கட்டும்."

யெல்லெயின் காது மடல்கள் சிவந்தன.

"இன்னிக்குக் கொஞ்சம் கத்துக்கிட்டிருப்பார்," என்ற அனெக்கெ கோட்டை மாட்டிக்கொண்டு, லேப்டாப் பையை யெல்லெயின் மடியில் வைத்தார். "மழை வர்றதுக்குள்ள நான் சைக்கிளை எடுக்கறேன். நீங்க வரும்போது ரொட்டி வாங்கிட்டு வந்துடுங்க, வீட்டுல ஒண்ணும் இல்ல."