தந்தை பெயர்க் கட்டம்

பள்ளிச் சேர்க்கைக்கு வரும் எக்ஸ்எம்எல் ஆவணங்களைச் சரிபார்த்து உள்ளே விடுவது அந்த ஜாவா நிரலின் வேலை. நிறைமதியின் ஆவணத்தை அது வாசலிலேயே மறித்தது.

“செல்லாது. தந்தை பெயர் இல்லை.”

“அவளுக்கு அம்மா மட்டும்தான், ஐயா. போன வருஷம் அவ அக்காவை விட்டீங்களே?” என்று கேட்டது ஆவணம்.

எந்தக் கட்டத்தில் என்ன இருக்கவேண்டும் என்று விதிக்கும் ஸ்கீமாவின் பழைய வடிவையும் புதிய வடிவையும் நிரல் வரிவரியாக ஒப்பிட்டது. முந்நூறு வரிகளில் ஒன்றுதான் மாறியிருந்தது. ‘இருந்தால் சொல்’ என்றிருந்த இடத்தில் ‘சொல்லியே ஆகவேண்டும்’ என்றிருந்தது.

“விதியை மீற எனக்கு அதிகாரமில்லை” என்று திருப்பி அனுப்பியது.

மறுநாள் அதே ஆவணம் வந்தது. கட்டத்தில் ‘கதிரேசன்’ என்றிருந்தது.

“செல்லும்” என்று வழிவிட்ட நிரலுக்கு மனசு கேட்கவில்லை. “யார் அவர்?”

“தெரியாது, ஐயா. நேத்து உண்மையோடதான் வந்தேன். நீங்க விடலையே.”