திரையில் விழாத எழுத்து

ஒரு வீட்டில் பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. "லினக்ஸ் போட்டும் ஓடலைன்னா பழைய இரும்புக் கடைக்குத்தான்" என்று சொல்லிவிட்டுத்தான், கிளவுடு கம்ப்யூட்டிங் வேலைக்குப் படிக்கிற தமயந்தி அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டாள். அதைச் சுமந்து வந்தது ஒரு பென்டிரைவ்.

முதல் கட்டளையை அடித்ததும் லேப்டாப் பாஸ்வேர்டு கேட்டது. தமயந்தி தட்டத் தொடங்கினாள். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

"அண்ணே, நீ செத்துட்டேன்னு நினைக்கிறாங்க. ஒரு எழுத்தாவது காட்டேன்" என்று லேப்டாப்பிடம் சொன்னது அதில் செருகியிருந்த பென்டிரைவ்.

"எல்லாம் காதுல விழுது தம்பி. ஆனா அது அவங்க ரகசியம். லினக்ஸ்ல கட்டளை அடிக்கிற இடத்துல அதை வெளியே காட்டுற வழக்கமில்லை."

"அப்ப இரும்புக் கடைக்குக் கிளம்பு."

தமயந்தியின் கை லேப்டாப்பை மூடப் போனது. அவள் என்ன நினைத்தாளோ, "கேக்குதோ இல்லையோ, சொல்ல வந்ததைச் சொல்லி முடிச்சிடுறேன்" என்று மிச்ச எழுத்துகளையும் தட்டி என்டரை அழுத்தினாள். கட்டளை கடகடவென்று ஓடியது.

"அட, கேட்டுக்கிட்டுதான் இருந்தியா?" என்று சிரித்தாள்.

"தப்பிச்சே அண்ணே" என்றது பென்டிரைவ்.

லேப்டாப் மெல்லச் சொன்னது: "முகம் காட்டாத என்கிட்ட முழுசாச் சொல்லி முடிச்சாங்களே தம்பி. இனி அவங்க எது கேட்டாலும் ஓடி ஓடிச் செய்வேன்."