பதினொன்றாம் நம்பர்

செங்கல்பட்டில் அந்தத் தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யூ.வுக்கு வந்த பிறகு நான்கு நோயாளிகளுக்குக் காய்ச்சல். வழக்கமான மருந்து எதற்கும் கிருமி அடங்கவில்லை. எல்லோரும் துப்புரவுப் பணியாளர் பாப்பாவைத்தான் பார்த்தார்கள்.

“செருப்போட ஒருத்தரையும் உள்ள வுட்டதில்ல சார். நான் இன்னா பண்ணேன்?”

“கிருமியோட ஜீன் டெஸ்ட் சொல்லும்,” என்றார் தலைமை மருத்துவர் உலகநாதன். “பரப்புனது யாரா இருந்தாலும் இனிமே இந்த வாசப்படி தாண்டக் கூடாது.”

ஆய்வகத்துக் கவியா முடிவோடு வந்தாள்.

“பாப்பாக்கா கையில, மாப்புல எல்லாம் இருந்தது வேற வேற வகை சார். நாலு பேரோட கிருமிக்கும் ஒரே மரபணு. நாம எடுத்த சாம்பிள்ல, அதோட அச்சு அசலா ஒத்துப்போறது பதினொண்ணாம் நம்பர் மட்டும்தான்.”

“யாரு அது?”

“உங்க செல்போன் சார். நீங்க கை கழுவப் போனப்ப மேசையில இருந்துச்சு. அதையும் டெஸ்ட் பண்ணச் சொன்னதே பாப்பாக்காதான்.”

மருத்துவரின் சட்டைப்பையில் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை.

நான்கு பேரும் தேறி வார்டுக்கு மாறிய அன்று, ஐ.சி.யூ. வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடை இருந்தது. பாப்பா அதை உலகநாதன் முன்னால் நீட்டினாள்.

“பரப்புனது வாசப்படி தாண்டக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க. இதுல போட்டுட்டு உள்ள போங்க சார்.”