காற்றுப் பந்தலார் கேட்ட அமைதி

புத்தக விழா மைதானத்தில், காற்றடைத்த துணிப் பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்து காலையிலிருந்து இரைச்சலோடு ஊதிக்கொண்டிருந்தாள் காற்றூதும் இயந்திரமான ப்ளோயர். தையல் வழியே காற்று கசிந்துகொண்டே இருக்கும். அதனால் அவள் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும்.

"ஒரு தூண்கூட இல்லாம நிக்கிறேன், பாத்தியா?" என்று மேடை மைக்கிடம் பெருமையடித்தார் பந்தலார். பிறகு பின்பக்கம் சீறினார். "ஏய், விருந்தினர் வர்ற நேரம், வாயை மூடு. அடுத்த விழாவுல உன்னைக் கழிப்பறைக்குப் பின்னாடி வைக்கச் சொல்லிடுவேன்."

"நான் மூடினா நீங்க நிக்க மாட்டீங்க, அண்ணே."

"இவ தயவுலதான் நான் நிக்கிறேனாம். கேட்டியா மைக்கு?"

அவளுக்குச் சுருக்கென்றது. இன்னும் பத்து பதில்கள் நாக்கு நுனியில் இருந்தன. அத்தனையையும் விழுங்கிவிட்டு, அவர் சொன்னபடியே வாயை மூடிக்கொண்டாள்.

மைதானம் அமைதியானது. பந்தலார் நெளிந்தார், முட்டி மடங்கினார், வெறும் மேடையில் மைக்கின்மேலேயே குப்புறக் கவிழ்ந்தார்.

"அக்கா," என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி முனகினார், "கொஞ்சம் ஊதுங்களேன்."

வாசலில் வரிசையாய் நின்ற கூட்டம் முழுக்க அதைக் கேட்டது.

"ஊதறேன் அண்ணே," என்றாள் அவள். "சத்தம் வரும், பரவாயில்லையா?"