எமன் கடைச் சூரணம்

"வந்துட்டா பாருங்க மகராசி. புருஷன் இருமிக் கிடக்கான், இவளுக்குத் தலை நிறைய மல்லிகை, நெத்தியில காலணா அகலத்துக்குப் பொட்டு."

திப்பிலி புடைத்துக்கொண்டிருந்த பாண்டியம்மாள் முணுமுணுத்தாள். வாசலில் ஜட்கா நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள் ஸ்திரீபார்ட் தங்கப்பொண்ணு.

"மெல்லப் பேசு" என்றார் பாண்டியம்மாளின் புருஷன் முத்திருளன். "அது படியேறின பிறகுதான் இந்தக் கடைக்கு ஆளே வந்துச்சு."

அது உண்மைதான்.

முத்திருளன் இருபது வருஷம் ஸ்பெஷல் நாடகங்களில் எமன் வேஷம் கட்டியவர். முழங்கால் விட்டுப்போனதும், அப்பா பார்த்த தொழிலை நம்பிக் கோரிப்பாளையத்தில் நாட்டு மருந்துக் கடை போட்டார். கிரீடம், கதாயுதம், பாசக்கயிறு எல்லாவற்றையும் விற்றுத்தான் சரக்கு வாங்கினார். இனி மேடைக்குத் திரும்ப வழியில்லை.

ஆனால் எமன் கையால் மருந்து வாங்க யார் வருவார்கள்?

பன்னிரண்டு நாள் ஒரு ஈ காக்கை இல்லை. காய்ச்சல் பிள்ளையோடு வந்த ஒருத்தி, அவர் முகத்தைப் பார்த்ததும் பிள்ளை முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு நடையைக் கட்டினாள்.

"என்னண்ணே, இன்னைக்கு எத்தனை உசிரு?" என்பார் பக்கத்துக் குடைக்கடை மீரான் ராவுத்தர். முத்திருளனும் சிரித்து வைப்பார். ராத்திரிச் சோறு இறங்காது.

பதின்மூன்றாம் நாள்தான் தங்கப்பொண்ணு வந்தாள். புருஷன் உசிருக்காக எமனோடு வாதாடும் பதிவிரதை வேஷத்தில் மதுரைப் பக்கம் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தெருவில் ஜனம் நெரிகிற நேரமாகப் பார்த்து வந்து நின்றாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரருக்கு இருமலுக்குச் சூரணம் குடுங்க."

கொட்டகையில் கடைசி ஆள் வரைக்கும் கேட்கிற குரல். தெருவே நின்று பார்த்தது.

"எமன்கிட்டயே புருஷனுக்கு மருந்து வாங்குது பாரேன்."

"அந்தம்மாவுக்கு இல்லாத பயம் நமக்கென்னப்பா?"

அன்றைக்கு நாலு பேர் படியேறினார்கள். தங்கப்பொண்ணு தினமும் வந்தாள். மாசம் முடிவதற்குள் பாண்டியம்மாளும் கூட நின்று பொட்டலம் கட்ட வேண்டியதாகிவிட்டது.

முத்திருளனுக்கோ இப்போது வேறு கவலை.

"பத்து நாள்ல அடங்க வேண்டிய இருமல். ஒரு மாசமா வாங்கிட்டுப் போகுதே. இடிச்சதுல எங்கயோ தப்புப் பண்ணிட்டேனா?"

"உங்க மேல என்ன தப்பு? சிங்காரிக்கவே அவளுக்குப் பொழுது பத்தலை. வேளாவேளைக்குத் தேன்ல குழைச்சுக் குடுக்கிறது யாரு?"

இன்று அவளிடமே கேட்டுவிட்டார். "மாப்ளைக்கு எப்படி இருக்கு தங்கச்சி?"

"இருக்குண்ணே." அவர் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு ஜட்காவில் ஏறிக்கொண்டாள்.

கேட்டுக்கொண்டிருந்த ராவுத்தர் குரலைத் தாழ்த்தினார். "இருமல்ல ரத்தம் வருதோ என்னமோ. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, 'எமன் மருந்து'ன்னு ஊரே பேசுமேண்ணே."

அந்த மனுஷன் கண்ணை மூடினால் அன்றைக்கே கடையையும் மூட வேண்டியதுதான். முத்திருளன் ஆடாதோடை லேகியத்தில் ஒரு குப்பி எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, அப்போதே வண்டியூருக்குக் கிளம்பினார்.

அவள் வீடு அவருக்குத் தெரியாது. ஸ்பெஷல் நாடகத்தில் அப்படித்தான். ஆளுக்கொரு ஊரிலிருந்து ஏஜெண்டு கூப்பிடுவார், மேடையில்தான் பார்த்துக்கொள்வார்கள், விடிந்தால் அவரவர் வழி. எட்டு வருஷம் எதிரெதிரே நின்று வாதாடியும் ஒருத்தர் வாசலை ஒருத்தர் மிதித்ததில்லை.

தெப்பக்குளத்துப் பக்கம் விசாரித்து, அவள் தெருவுக்குள் நுழையும்போது சங்குச் சத்தம் கேட்டது. கால் அங்கேயே நின்றுவிட்டது. நல்லவேளை, யாரோ ஆண்டி பிச்சைக்கு ஊதிக்கொண்டு வந்தான்.

கதவைத் தட்டினார். தங்கப்பொண்ணுதான் திறந்தாள்.

வெள்ளைச் சேலை. தலையில் பூவில்லை. நெற்றி வெறுமையாக இருந்தது.

முத்திருளன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்ப தங்கச்சி? காலையிலகூட வந்தியே..."

"எந்திரிங்கண்ணே. நீங்க நினைக்கிறாப்ல இல்லை. அவரு போயி மூணு வருஷமாச்சு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவளுக்குப் பின்னால் மாடத்தில் அவர் கடைப் பொட்டலங்கள். ஒன்றிலும் நூல் அவிழவில்லை.

"அப்ப அந்தப் பூவு, பொட்டு?"

"ஜட்கா ஆத்துப்பாலம் ஏறினதும் மேல ஒரு கலர்ச் சேலையைச் சுத்திக்கிட்டு வச்சுக்குவேன். திரும்புகாலுல எல்லாத்தையும் கலைச்சிருவேன். இந்தத் தெருவுல ஒருத்தர் கண்ணுல பட்டாலும் என்னைய உரிச்சு எடுத்துருவாக."

முழங்கால் போகும் வரைக்கும் அரிதாரம் பூசியவர். அந்தப் பூவும் பொட்டும் வேஷம் என்று அவருக்கே தெரியாமல் போயிருக்கிறது.

"எனக்காகவா இம்புட்டும்?"

தங்கப்பொண்ணு லேகியக் குப்பியை வாங்கி, அந்தப் பொட்டலங்களோடு வைத்தாள்.

"மேடையில எத்தனை தடவை என் புருஷன் உசிரைத் திருப்பிக் குடுத்திருக்கீக. உங்க கடைக்கு உசிரு வர நான் ஒரு பொட்டு வச்சுக்கிட்டா என்னண்ணே?"