பத்திரமாக இருந்த கல்

பட்டாவுக்கு மனுப் போட்டு நாலு வருடம் கழித்துத்தான் சர்வேயர் வந்தார். "மூலைக்கல் எங்கே பெரியவரே?" என்று கேட்டார். "பத்திரமா இருக்குங்க" என்று வீட்டுக்கு ஓடினார் மாசிலாமணி. பக்கத்து நிலத்துப் பொன்னுரங்கம் என்றைக்காவது நகர்த்திவிடுவான் என்ற பயத்தில், அதைத் தோண்டியெடுத்துப் பதினோரு வருடமாகக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார். கல்லைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவரைப் பார்த்ததும் சர்வேயர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"மத்த மூணு கல்லையும் காணோம். இதை வெச்சுத்தான் அளக்கணும். எங்கே இருந்துச்சு?"

வரப்பு எத்தனையோ மழையில் கரைந்து, இரண்டு நிலமும் ஒரே புல்லாகக் கிடந்தது. மாசிலாமணி நாலடி முன்னே போனார். இரண்டடி பின்னே வந்தார். எங்கே இறக்கினாலும் இனி அதுதான் எல்லை. சர்வேயர் கடிகாரத்தைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைக்க நின்றவரிடம் பொன்னுரங்கம் புல்லை மிதித்துக்கொண்டு வந்தான்.

"எவ்வளவு நேரம்ணே சுமப்பீங்க? கொஞ்சம் எங்கிட்ட குடுங்க."

மாசிலாமணி கல்லை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார்.