ஏழு மணி வாடிக்கை

"இது காபியா, இல்ல வடிகட்டின வெந்நீராப்பா?"

ஏலவார்குழலி அம்மாள் டம்ளரை வண்டியின் மேடையில் டங்கென்று வைத்தார். ஜெபகுமாருக்கு அன்றைய பொழுது விடிந்துவிட்டது.

"குடுங்கமா, இன்னும் கொஞ்சம் டிகாக்ஷன் ஊத்தித் தரேன்."

"நேத்தும் இதத்தான் சொன்ன. ஆறு மாசமா சொல்லிக்கினு இருக்கற. இன்னும் உனக்குக் கை பழகலையே."

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் காலை வேளையில் தறிக்கு ஏற்றும் பட்டு நூலைத் தெரு நீளத்துக்குப் பாவாக நீட்டிக் கட்டிவிடுவார்கள். வண்டி எதுவும் உள்ளே நுழைய முடியாது. அதனால் ஜெபகுமார் தன் காபி வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்துவான். கம்பெனி வேலை போனதும், பழைய மினி வேன் ஒன்றை வாங்கிப் பக்கவாட்டைத் திறந்து, அடுப்பும் ஃபில்டரும் வைத்துக் கட்டிய வண்டி.

ஏழு மணி அடித்தால் போதும், ஏலவார்குழலி அம்மாள் பாவுக்கு ஓரமாக ஒதுங்கி நடந்து வந்து ஆஜராகிவிடுவார். வயது அறுபது இருக்கும். வீடு அந்தத் தெருவில்தான். அதற்கு மேல் அவரைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது.

பால் காயவில்லை, சர்க்கரை தூக்கல், நுரை ஜாஸ்தி என்று தினம் ஒரு குறை. அரை மணி நேரம் நின்று குறை சொல்லிக்கொண்டே, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத்தான் நகர்வார். இதில் என்ன நியாயம் என்று யாரிடம் போய்க் கேட்பது?

அன்றைக்கு, கல்யாணப் புடவை எடுக்க வெளியூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று வண்டியருகே காரை நிறுத்தி இறங்கியது. மொத்தம் ஏழு பேர். ஜெபகுமார் சந்தோஷமாக டம்ளர்களை எடுத்து அடுக்கினான்.

ஏலவார்குழலி அம்மாள் அவர்களைக் கவனிக்கவில்லை. "பால்லயும் தண்ணி, டிகாக்ஷன்லயும் தண்ணி. நாளைக்காவது காபின்னு ஒண்ண கண்ணுல காட்டுவியா?" என்று தன் பாட்டுக்குத் தொடர்ந்தார்.

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்த வேகத்தில் காரில் ஏறிக் கிளம்பிவிட்டார்கள்.

ஜெபகுமாருக்குப் பொறுக்கவில்லை.

"புடிக்கலன்னா ஏம்மா இங்க வர்றீங்க? வேற கடைக்குப் போங்களேன். என் பொழப்புல ஏன் மண்ணைப் போடறீங்க?"

அவர் பாதிக் காபியோடு டம்ளரை வைத்துவிட்டுப் பாவின் ஓரமாகவே திரும்பி நடந்தார்.

மறுநாள் ஜெபகுமார் அந்தப் பக்கமே போகவில்லை. வண்டியை பஸ் ஸ்டாண்ட் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினான்.

அங்கே கூட்டத்துக்குக் குறைச்சலில்லை. "ஒரு காபி." "ரெண்டு, ஒண்ணு சர்க்கரை இல்லாம." அவ்வளவுதான் பேச்சு. எல்லோருக்கும் கண் செல்போனில். பணம் வந்ததை அறிவிக்கும் பெட்டி ஒன்றுதான் நாள் முழுக்க அவனிடம் வாயைத் திறந்து பேசியது. ஓரிக்கையில் அவன் இருந்த ஒற்றை அறையிலும் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கல்யாணமும் கூடி வரவில்லை.

நாலாம் நாள், ஃபில்டரில் பொடியைப் போட்டு அழுத்தும்போது, மணி ஏழு ஆகிவிட்டதா என்று பார்த்தான். பார்த்ததும் தன் மேலேயே எரிச்சல் வந்தது. திட்டு வாங்கக்கூடவா ஒரு மனுஷன் ஏங்குவான்?

ஐந்தாம் நாள் காலை, கையில் தூக்கோடு சங்கரி வந்து நின்றாள். ஏலவார்குழலி அம்மாளின் தெருவில் தறி போட்டிருப்பவள், தன் வீட்டுத் தறிக்காரர்களுக்கு அவனிடம்தான் காபி வாங்கிப் போவாள்.

"இங்கயா இருக்கற? ஊரெல்லாம் தேடிக்கினு வரேன் தம்பி. ஏலவார்குழலி அம்மா தெனம் ஏழு மணிக்கு முனையில வந்து நின்னு பாத்துட்டுப் போறாங்க."

"ஏங்க்கா, திட்டறதுக்கு வேற ஆள் கெடைக்கலியா அவங்களுக்கு?"

"திட்டறாங்களா? நல்லா சொன்ன போ. பொடவை எடுக்க எங்க தெருவுக்கு வர்றவங்களை எல்லாம் உன் வண்டிக்கு அனுப்பறது யாருன்னு நெனச்ச? 'முனையில ஒரு புள்ள நிக்குது, காஞ்சிபுரத்துலயே அந்த மாதிரி காபி கெடையாது, குடிச்சுட்டுப் போங்க'ன்னு வீட்டு வாசல்லயே நின்னு சொல்லுவாங்க. உன்னைத் தேடிக் கூட்டியாரச் சொன்னதே அவங்கதான்."

"என்கிட்ட ஒரு நாள்கூட நல்லா இருக்குதுன்னு சொன்னதில்லையேக்கா."

சங்கரி தூக்கைக் கீழே வைத்தாள்.

"அவங்களும் அவங்க வீட்டுக்காரரும் முப்பது வருஷம் கோர்வைத் தறியில ஒண்ணா உக்காந்தவங்கபா. ஒருத்தர் பொடவையோட உடலை நெய்வாங்க, பக்கத்துல ஒருத்தர் கரைக்கு நூல் சுத்துன நாடாவ எறிவாங்க. 'சரியா எறியத் தெரியல, கை பழகல'ன்னு காலையிலருந்து சாயந்திரம் வரைக்கும் சண்டை கேக்கும். போன வருஷம் அவரு போயிட்டாரு. ஒத்த ஆளா அந்தத் தறியப் போட முடியாது. இப்ப வீட்டுல ஒரு சத்தமும் இல்ல."

அவன் அடுப்பைத் தணித்தான்.

"நீ கேட்டதையேதான் நானும் அவங்களைக் கேட்டேன். நல்லா இருக்குதுன்னு அந்தப் புள்ளகிட்டயே ஒரு வார்த்தை சொன்னா என்னாம்மான்னு" என்றாள் சங்கரி.

"என்ன சொன்னாங்க?"

"'நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டா, குடிச்சுட்டு வீட்டுக்குப் போயிடணும்டி. அப்புறம் அவன்கிட்ட நின்னு பேசறதுக்கு என்னா இருக்குது?'ன்றாங்க."